அம்பாசடர் மேனிபோல்டு பேக்கிங்கைக் கசியாமல் உட்கார வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"பேக்கிங் மாத்தியாச்சுண்ணா, இன்னும் ஏர் எடுக்குது." பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களிடம் பேசினால் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருக்க முடியாது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும், அதில் மாட்டும் மேனிபோல்டு குழாய்களுக்கும் நடுவில் கசியாமல் அடைப்பதுதான் இந்தப் பேக்கிங். அது சரியாக அடைக்காமல் வெளிக்காற்று உள்ளே நுழைவதைத்தான் ஏர் எடுக்குது என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது 1984-ஆம் வருடத்து மார்க் 4, பெட்ரோல். அப்பா வாங்கியது. காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரி மண்டிக்கு மாங்காய் சீசனில் கூடைகளையும் ஆட்களையும் சேர்த்துச் சுமந்த வண்டி. இரண்டு வருடத்துக்குள் அதற்கு மூன்று மேனிபோல்டு பேக்கிங் போட்டோம். ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் நன்றாக ஓடும். அப்புறம் சிக்னலில் நின்றால் ஸ்லோ (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இருக்கும் மெதுவான ஓட்டம்) நிற்காது, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கும்.

நாலாவது தடவை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போகாமல் நானே கழற்றி அளந்து பார்த்தேன். பேக்கிங் மேல் எந்தக் குற்றமும் இல்லை. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் இன்லெட் மேனிபோல்டின் காது (வாஷர் அழுத்தும் நீட்டல்) ஒரு தடிமன், புகை வெளியேறும் எக்சாஸ்ட் மேனிபோல்டின் காது வேறு தடிமன். ஒரே வாஷர் இரண்டையும் அழுத்த வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும்தான் அழுத்திக் கொண்டிருந்தது. அதைச் சரி செய்து ஐந்து வருடம் ஆகிறது. அந்தப் பேக்கிங் இன்னும் அப்படியே இருக்கிறது. பேக்கிங் என்பது கடைசியாக வைக்கும் பொருள். அதற்கு முன்னால் இரும்பு இரும்போடு சரியாக உட்கார வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த வேலையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

இந்த இன்ஜினில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை

அம்பாசடரின் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வ் இன்ஜின், இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்லெட், எக்சாஸ்ட் இரண்டும் ஹெட்டின் இடது பக்கத்திலேயே இருக்கும். பிளக்குகள் எதிர்ப்பக்கம்.

நாலு சிலிண்டருக்கு எட்டுத் துவாரம் இருக்க வேண்டும் என்று நினைப்போம். இதில் இருப்பது ஐந்துதான். முன்னாலிருந்து எண்ணினால்: 1-வது சிலிண்டரின் எக்சாஸ்ட், 1-க்கும் 2-க்கும் பொதுவான இன்லெட், 2-க்கும் 3-க்கும் பொதுவான எக்சாஸ்ட், 3-க்கும் 4-க்கும் பொதுவான இன்லெட், கடைசியில் 4-ன் எக்சாஸ்ட். இந்த வரிசையை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், கசிவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க இதுதான் உதவப் போகிறது.

ஐந்து துவாரத்துக்கும் சேர்த்து நீளமாக ஒரே பேக்கிங். பிடித்து வைப்பது ஆறு ஸ்டட், அதாவது ஹெட்டில் முறுக்கி நிற்கும் தலையில்லாத போல்ட். இரண்டு ஓரத்திலும் இருக்கும் ஸ்டட் எக்சாஸ்டை மட்டும் பிடிக்கும். நடுவில் உள்ள நாலு ஸ்டட்டும் துவாரங்களுக்கு இடையில் நிற்கின்றன. அவற்றில் போடும் தடித்த பெரிய வாஷரின் ஒரு பாதி இன்லெட் காதிலும் மறுபாதி எக்சாஸ்ட் காதிலும் ஏறி உட்காரும்.

இதோடு சூடு. எக்சாஸ்ட் மேனிபோல்டு கிட்டத்தட்ட 40 செ.மீ. நீள வார்ப்பிரும்பு. அது 300 டிகிரி கூடுதலாகச் சூடானால் நீளத்தில் 1.3 மி.மீ. அளவுக்கு வளரும். தண்ணீர் ஓடும் ஹெட் 90 டிகிரியை ஒட்டியே இருப்பதால் அது கால் மி.மீ.தான் வளரும். ஆக, ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் மேனிபோல்டு பேக்கிங்கின் மேல் 1 மி.மீ. வரை தேய்ந்து நகர்கிறது. இன்லெட் பக்கத்தில் இவ்வளவு சூடு கிடையாது, அங்கே வேலை செய்வது உறிஞ்சல். இப்படி இரண்டு விதமாக நடந்து கொள்ளும் பாகங்களை ஒரே பேக்கிங், ஒரே வாஷர் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கழற்றுவதற்கு முன்: கசிவு நிஜமாகவே அங்கேதானா?

முதலில் நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். 1, 2 வெளுத்தும் 3, 4 செங்கல் பழுப்பிலும் இருந்தால், முன் இன்லெட் துவாரத்தில் காற்று நுழைகிறது. 3, 4 மட்டும் வெளுத்திருந்தால் பின் துவாரம். நாலும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் முதலில் கார்பரேட்டர் பக்கம் போங்கள். இரண்டு இன்லெட் வாயும் சேர்ந்து கசிந்தாலும் இப்படித் தெரியும் என்பதால், கீழே உள்ள சோதனைகளையும் செய்து பாருங்கள்.

இப்போது நாலும் வெளுப்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட் அப்படியே இருந்தால் வண்டி 8 சதவீதம் வரை லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடி ஓடும். அந்த மாற்றம் நாலு சிலிண்டரிலும் ஒரே மாதிரி தெரியும். ஜோடியாக வெளுப்பது பேக்கிங் கசிவின் அடையாளம்.

அடுத்தது ரப்பர் குழாய் சோதனை. ஒரு அடி நீளக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிபோல்டு ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். கசியும் இடத்தில் உஸ்ஸென்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். கை, சட்டை, துண்டு எதுவும் ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

உறுதி செய்ய, ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்த உடனே, தண்ணீர் ஸ்பிரேயால் இன்லெட் இணைப்பின் மேல் லேசாக அடியுங்கள். ஓட்டம் மாறினாலோ, உஸ் சத்தம் ஒரு நொடி நின்றாலோ இடம் அதுதான். ஓரிரு நிமிடத்துக்குள் முடித்து விடுங்கள். சூடான வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் பட்டால் வெடிப்பு விடும்.

பெட்ரோலையோ கார்பரேட்டர் கிளீனரையோ அடித்துப் பார்ப்பதைப் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். தயவு செய்து இந்த இன்ஜினில் செய்யாதீர்கள். இன்லெட்டுக்கு இரண்டு அங்குலம் தள்ளி எக்சாஸ்ட் கொதித்துக் கொண்டிருக்கிறது.

உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயில் மாட்டாதீர்கள். அது கார்பரேட்டரில் திராட்டில் தகட்டின் விளிம்பிலிருந்து வருவதால் ஸ்லோவில் சரியான அளவைக் காட்டாது. மேனிபோல்டில் உள்ள துளையிலோ பிரேக் சர்வோ (உறிஞ்சலால் பிரேக்குக்குப் பலம் சேர்க்கும் டப்பா) குழாயிலோ மாட்டுங்கள். புத்தகங்களில் நல்ல இன்ஜினுக்கு 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) என்று போட்டிருப்பது கடல் மட்டத்துக்கு. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஒரு அங்குலம் குறையும். தர்மபுரி 450 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஓசூர் 900 மீட்டரை ஒட்டி. சென்னையில் 19 காட்டும் அதே இன்ஜின் தர்மபுரியில் பதினேழரை, ஓசூரில் 16 காட்டினால் அது ஆரோக்கியம்தான். இதைத் தெரிந்து கொள்ளாமல் ஓசூரில் நல்ல பேக்கிங்கைப் பிய்த்துப் போட்டவர்கள் உண்டு.

கார்பரேட்டரில் திராட்டில் தகட்டைத் தாங்கும் தண்டு தேய்ந்து ஆடுகிறதா என்றும் கையால் ஆட்டிப் பாருங்கள். மேனிபோல்டில் ஏர் எடுப்பது போன்ற அதே அறிகுறிகளை அதுவும் தரும். சர்வோ இருந்தால் அதன் குழாயை ஒரு நிமிடம் நசுக்கிப் பிடித்து, ஓட்டம் மாறுகிறதா பாருங்கள்.

எக்சாஸ்ட் பக்கக் கசிவைக் கண்டுபிடிப்பது சுலபம். குளிர்ந்த இன்ஜினில் சக் சக் என்று கேட்கும், சூடானதும் குறையும். கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். இதைச் சத்தத் தொல்லை என்று மட்டும் எண்ணி விட்டுவிடாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, டேஷ்போர்டு ஓட்டைகள் வழியாக உள்ளே வரும். குழந்தைகள் உட்காரும் வண்டி.

கழற்றுவது

முந்தின நாளே ஆறு நட்டிலும் துரு நெகிழ்க்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மாலையில் வண்டியை ஒரு சுற்று ஓட்டி, ஆறியதும் மறுபடி விடுங்கள். சூடாகி ஆறும்போது எண்ணெய் மரைக்குள் இறங்கும்.

மறுநாள் பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, ஏர் கிளீனர், சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கம்பி, பெட்ரோல் குழாய், வேக்குவம் குழாய் என்று வரிசையாகக் கழற்றி, கார்பரேட்டரை எடுங்கள். பெட்ரோல் குழாயின் வாயை அடைத்து வையுங்கள். கீழே சைலன்சர் பைப்பை மேனிபோல்டிலிருந்து விடுவியுங்கள். பைப் கியர்பாக்ஸ் பக்கம் பிடித்திருக்கும் கிளாம்பையும் தளர்த்துங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மேனிபோல்டு ஸ்டட் 5/16 அங்குலம் யு.என்.எஃப். (அங்குலக் கணக்கில் வரும் நெருக்கமான) மரை. வழக்கமான நட்டுக்கு அரை இன்ச் ஸ்பேனர். கையில் இருக்கிறது என்று 13-ஐ மாட்டாதீர்கள். அரை இன்ச் என்பது 12.7 மி.மீ., துருப்பிடித்த நட்டில் அந்தக் கொஞ்ச இடைவெளியே தலையை உருட்டிவிடும். கீழ் வரிசைக்குக் கை போகாது, வளைந்த ரிங் ஸ்பேனர் வேண்டும்.

நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்தால் கவலை இல்லை, புது ஸ்டட் போட்டுக் கொள்ளலாம். ஆனால் அந்தத் துளையில் தண்ணீர் கசிகிறதா பாருங்கள். கசிந்தால் புது ஸ்டட்டின் மரைக்கு சீலண்ட் அவசியம். ஸ்டட் உடைந்து ஹெட்டுக்குள் மாட்டிக் கொண்டால் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். மிச்சத்தின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தால், அந்தச் சூட்டிலேயே பிடி தளர்ந்து, ஸ்பேனரில் திரும்பி வரும். நல்ல லேத் பட்டறையில் பத்து நிமிட வேலை.

மேனிபோல்டை எடுத்ததும் பழைய பேக்கிங்கைப் பிய்த்து எறியாமல் ஒரு நிமிடம் படியுங்கள். நன்றாக அழுந்திய இடம் பளபளப்பாக, வாயைச் சுற்றி முழு வளையமாகத் தெரியும். அழுந்தாத இடம் புதிது போலவோ, கரி படிந்தோ இருக்கும். என் மூன்றாவது பேக்கிங்கில் இரண்டு இன்லெட் வாயைச் சுற்றியும் வளையமே விழவில்லை. அதை முதல் தடவையே பார்த்திருந்தால் இரண்டு பேக்கிங் காசு மிச்சமாகியிருக்கும்.

சுத்தம்

ஐந்து துவாரத்துக்குள்ளும் துணியைச் சுருட்டி அடையுங்கள். பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்றே எடுத்துக் கொள்ளுங்கள். எண்ணெய் விட்டு நனைத்துச் சுரண்டுங்கள், காய்ந்தபடி பிரஷ் போடவோ ஊதவோ வேண்டாம், முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். சுரண்ட, கூர் மழுங்கிய பட்டை உளி போதும். கிரைண்டரில் எமரி டிஸ்க் போட்டு ஹெட் முகத்தைத் தேய்ப்பது வேகமான வழிதான், ஆனால் வாய் ஓரங்களில் பள்ளம் விழுந்துவிடும். அந்தப் பள்ளத்தை எந்தப் பேக்கிங்காலும் நிரப்ப முடியாது. கடைசியில் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள்.

அளப்பது: இங்கே அவசரம் வேண்டாம்

நேரான ஸ்டீல் பட்டை ஒன்று, அரை மீட்டர் நீளத்துக்கு. ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கொத்து. தடிமன் அளக்க வெர்னியர். இந்த மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

முதலில் ஹெட் முகம். பட்டையை நீளவாக்கிலும் குறுக்கு மூலையிலும் வைத்து, அடியில் 0.1 மி.மீ. தகடு நுழைகிறதா பாருங்கள். ஹெட் பெரும்பாலும் நேராகத்தான் இருக்கும். ஸ்டட்டைச் சுற்றி மட்டும் இரும்பு மேலே இழுபட்டு மேடாகி இருப்பதுண்டு, அதை நைஸ் அரத்தால் தட்டையாக்கினால் போதும்.

அப்புறம் மேனிபோல்டுகள். எக்சாஸ்ட் மேனிபோல்டு வாழைப்பழம் போல வளைந்திருப்பது சகஜம். பல வருடம் சூடாகி ஆறியதில், ஓர முகங்கள் ஹெட்டை விட்டு விலகும். 0.1 மி.மீ.க்குள் இருந்தால் நான் விட்டுவிடுவேன். 0.1-க்கு மேல், கால் மி.மீ. வரை, கையால் தேய்த்துச் சரி செய்வேன். அதற்கும் மேலே போனால் பட்டறையில் ஃபேஸிங், அதாவது மெஷினில் முகத்தைச் சீவித் தட்டையாக்குவது.

உங்கள் மேனிபோல்டுகள் நடுவில் போல்ட் போட்டு ஒன்றோடொன்று இணைத்த வகையாக இருந்தால், தனித்தனியாக ஃபேஸிங் கொடுக்காதீர்கள். நடுவில் உள்ள பேக்கிங்கைப் புதிதாகப் போட்டு, ஹெட்டில் எப்படி உட்காருமோ அப்படியே இரண்டையும் இணைத்து, ஐந்து முகத்தையும் ஒரே தடவையில் ஓட்டச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் "தனித்தனியா போட்டுத் தர்றேன்ணா, சுலபம்" என்பார். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கையால் தேய்க்க நம்மூரிலேயே அருமையான பொருள் இருக்கிறது. பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் ஓரத் துண்டுகள் கிடக்கும். 50 செ.மீ. நீளத்தில் பாலிஷ் போட்ட கெட்டித் துண்டு ஒன்றை எடுத்து, ஸ்டீல் பட்டையை வைத்து நேராக இருக்கிறதா என்று சோதித்துக் கொள்ளுங்கள். அதன் மேல் 120 நம்பர் எமரி பேப்பரை ஒட்டி, மேனிபோல்டை முகம் கீழாக வைத்து எட்டுப் போடுவது போல நகர்த்துங்கள். கை அழுத்தம் நடுவில் இருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பிப் பார்த்தால், எந்த முகம் தொடுகிறது, எது தொடவில்லை என்று வெள்ளைத் தடமாகத் தெரியும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க ஆனது.

முடித்த பிறகு சரி பார்க்க நான் காவிப்பொடியை எண்ணெயில் குழைத்து ஹெட் முகத்தில் மெல்லிசாகத் தடவுவேன். மேனிபோல்டை ஸ்டட்டில் மாட்டி, கையால் அழுத்தி எடுத்தால், ஐந்து வாயைச் சுற்றியும் காவி வளையம் ஒட்டியிருக்க வேண்டும். வளையம் அறுந்த இடம்தான் நாளைக்குக் கசியப் போகும் இடம். சோதனை முடிந்ததும் இரண்டு பக்கமும் பொடி இல்லாமல் துடையுங்கள்.

காதுகளின் தடிமன்

முகம் நேராகிவிட்டது என்று இங்கே நிறுத்திவிடாதீர்கள். நான் மூன்று தடவை தோற்றது இந்த இடத்தில்தான்.

நடுவில் உள்ள நாலு ஸ்டட் இடங்களிலும், வாஷர் உட்காரும் இன்லெட் காதின் தடிமனையும் அதன் பக்கத்து எக்சாஸ்ட் காதின் தடிமனையும் வெர்னியரால் அளந்து சாக்பீஸால் எழுதுங்கள். இரண்டும் 0.1 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் முன்பு எப்போதோ வேறு வண்டியின் இன்லெட் மேனிபோல்டு மாற்றப்பட்டிருந்தது. அதன் காது எக்சாஸ்ட் காதை விட 0.6 மி.மீ. மெல்லியது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் வாஷர் எக்சாஸ்டின் மேல் நின்றுகொண்டு, இன்லெட் பக்கம் காற்றில் தொங்கியது. முறுக்க முறுக்க வாஷர் சாய்ந்து ஸ்டட் வளைந்ததுதான் மிச்சம். முகத்துக்கு ஃபேஸிங் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறும், எனவே ஃபேஸிங்குக்குப் பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

சரி செய்ய இரண்டு வழி. தடித்த காதின் வெளிப்பக்கத்தை லேத் பட்டறையில் மில்லிங் செய்து மெல்லியதோடு சமமாக்கலாம். இது நிரந்தரம். இன்னொன்று, வாஷரில் படி எடுப்பது: தடித்த காதின் மேல் உட்காரும் பாதியை மட்டும் அந்த வித்தியாச அளவுக்கு அரத்தால் குறைப்பது. நான் இரண்டாவதைத்தான் செய்தேன். நாலு வாஷருக்கும் தனித்தனி அளவு, எந்த இடத்துக்கு எது என்று புள்ளி குத்தி வைத்தேன். கடையில் கிடைக்கும் மெல்லிய வாஷரில் இது நடக்காது. 5 மி.மீ.யாவது தடிமன் உள்ள பழைய ஒரிஜினல் வாஷரோ, லேத்தில் கடைந்ததோ வேண்டும். மெல்லியது சாப்பாட்டுத் தட்டு போலக் குழிந்துவிடும்.

சில ஹெட்டுகளில் இன்லெட் வாய்க்குள் மேனிபோல்டை நேராக நிறுத்த ஒரு சிறு வளையம் இருக்கும். அது நீளமாக இருந்தால் மேனிபோல்டு முழுசாக உட்காராமல் தடுக்கும். பேக்கிங் இல்லாமல் மாட்டிப் பார்த்து, வளையம் அடியில் முட்டுகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

பேக்கிங் தேர்வு, பேஸ்ட் பற்றி

நடுவில் இரும்புத் தகடு வைத்த, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பேக்கிங் வாங்குங்கள். வெறும் அட்டைப் பேக்கிங் எக்சாஸ்ட் வாயில் எரிந்துவிடும். வாங்கியதும் ஹெட்டில் மாட்டி, ஐந்து வாயும் பேக்கிங் ஓட்டையோடு பொருந்துகிறதா பாருங்கள். பேக்கிங் ஓரம் வாய்க்குள் நீட்டிக் கொண்டிருக்கக் கூடாது. ஒரு பக்கம் தகடும் மறுபக்கம் மெத்தென்றும் இருக்கும் வகையானால், தகடு மேனிபோல்டைப் பார்க்கட்டும். சூட்டில் நகர்வது மேனிபோல்டுதான், வழுவழுப்பான தகட்டின் மேல் அது கிழிக்காமல் நகரும். பேக்கிங்கில் பக்கம் குறித்திருந்தால் அதன்படியே போடுங்கள்.

பேஸ்ட் வேண்டாம். சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் ஊறி மெத்துப் போகும், பிதுங்கியது வாய்க்குள் தொங்கும், எக்சாஸ்ட் பக்கம் கருகிப் பொடியாகும். எங்கள் வண்டிக்கு ஒரு பட்டறையில் இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசி அனுப்பினார்கள். இரண்டு வாரம் பிரமாதமாக ஓடியது. கழற்றியபோது இன்லெட் வாய்க்குள் ஒரு துண்டு பாதி அறுந்து தொங்கிக் கொண்டிருந்தது. அது வால்வுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. ஹெட்டில் துருவால் நுண்குழிகள் இருந்தால் மட்டும், பெட்ரோல் தாங்கும், இறுகிப் போகாத சீலண்டை இன்லெட் வாய்களைச் சுற்றி விரல் நுனியால் துடைத்த அளவுக்குத் தடவலாம். எக்சாஸ்ட் வாய்களுக்கு எதுவும் வேண்டாம்.

மாட்டுவதும் முறுக்குவதும்

ஸ்டட் மரைகளைச் சுத்தம் செய்து, செம்புப் பேஸ்டைத் துளி தடவுங்கள். நட் பித்தளையாக இருந்தால் நல்லது, அடுத்த தடவை சுலபமாகக் கழலும். துவாரங்களில் அடைத்த ஐந்து துணியையும் எண்ணி எடுங்கள்.

பேக்கிங், இன்லெட், எக்சாஸ்ட், வாஷர், நட் எல்லாவற்றையும் கை முறுக்கில் நிறுத்துங்கள். இணைத்த வகை மேனிபோல்டானால், இரண்டுக்கும் நடுவில் உள்ள போல்ட்டுகள் இப்போது தளர்வாக இருக்க வேண்டும். ஹெட்டில் இறுக்கிய பிறகுதான் அவற்றை இறுக்குவது. இல்லாவிட்டால் ஒன்று மற்றதைப் பிடித்துக் கொண்டு உட்கார விடாது. ஃபேஸிங்குக்காக இறுக்கமாக இணைத்திருந்தாலும், மாட்டும் முன் அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள்.

இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரில் முழு இறுக்கம் 15 பவுண்டு-அடி, அதாவது 2.1 கிலோகிராம்-மீட்டர். அதை மூன்று சுற்றாகப் பிரியுங்கள்: 5, 10, 15. ஒவ்வொரு சுற்றும் நடுவில் உள்ள இரண்டு நட்டில் தொடங்கி, அவற்றுக்கு இரண்டு பக்கமும் உள்ளவை, கடைசியாக ஓரங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் வளைவு சிறைப்பட்டுவிடும். 15 என்பது கைக்கு ரொம்பக் குறைவாகத் தோன்றும். ஸ்பேனரில் பைப் செருகி முறுக்கிப் பழகியவர்களுக்கு நம்பிக்கையே வராது. ஆனால் கூடுதல் இறுக்கம் காதை வளைக்கும், பித்தளை மரையை உரிக்கும், மேனிபோல்டு சூட்டில் நகர முடியாமல் வெடிக்கும்.

முறுக்கி முடித்ததும் நாலு பெரிய வாஷரையும் குனிந்து பாருங்கள். ஒவ்வொன்றும் இரண்டு காதிலும் படிந்து, சாயாமல் இருக்க வேண்டும். 0.05 தகடு எந்தப் பாதியின் அடியிலும் நுழையக் கூடாது.

சைலன்சர் பைப்பைக் கடைசியில்

கியர்பாக்ஸ் பக்கத்துக் கிளாம்பைத் தளர்த்தச் சொன்னேன் அல்லவா? அதன் காரணம் இது. மேனிபோல்டை இறுக்கிய பிறகு பைப்பை அதன் முகத்தோடு இணைத்து இறுக்குங்கள். அடுத்து, கீழே சொல்வது போலக் கார்பரேட்டரையும் மாட்டிய பிறகு, இன்ஜினைச் சில நிமிடம் ஸ்லோவில் ஓட விட்டு நிறுத்துங்கள். பைப் தானாக எங்கே நிற்க விரும்புகிறதோ அங்கே நிற்கும். அதே நிலையில் கிளாம்பை இறுக்குங்கள். கிளாம்புக்கு வரவில்லை என்று பைப்பை நெம்பி இழுத்துக் கட்டினால், அந்த இழுவை முழுவதும் ராத்திரி பகலாக மேனிபோல்டின் மேல்தான்.

இன்ஜின் மவுண்டிங் ரப்பர் அமுங்கிப் போயிருந்தாலும் இதே கதை. ஒவ்வொரு கிளட்ச் விடும்போதும் இன்ஜின் சாயும், பைப் நிற்கும், நடுவில் பேக்கிங் அடிபடும். தர்மபுரி – பென்னாகரம் சாலையின் வேகத்தடைகளில் கீழே தட்டும் சத்தம் கேட்கும் வண்டிகளுக்கு, பேக்கிங் மாற்றும் முன் மவுண்டிங்கை மாற்றச் சொல்வேன்.

ஓட்டிப் பார்ப்பது, மறுபடி முறுக்குவது

கார்பரேட்டரை அதன் புதுப் பேக்கிங்கோடு மாட்டுங்கள். அதன் அடிமுகமும் வளைந்திருக்கலாம், அதே ஸ்டீல் பட்டையால் பார்த்துவிடுங்கள். முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் தண்ணீர் ஸ்பிரே சோதனையை மறுபடி செய்யுங்கள், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே.

முதல் முறை நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, முழுக்க ஆற விடுங்கள். ராத்திரி தாண்டினால் உத்தமம். ஆறிய இன்ஜினில் அதே வரிசையில் 15-க்கு மறுபடி முறுக்குங்கள். சில நட் கால் சுற்று வரை போகும், பயப்பட வேண்டாம், பேக்கிங் அமுங்கியதுதான். 100 கி.மீ.யில் ஒரு தடவை, 500 கி.மீ.யில் ஒரு தடவை. இதைச் செய்யாமல் விட்டால் மேலே செய்த எல்லாமே ஆறு மாதத்தில் வீணாகும்.

கார்பரேட்டரின் ஸ்லோ, மிக்சர் (பெட்ரோல் கலவை அளவு) திருகுகளை இந்த முறுக்கலுக்குப் பிறகுதான் தொடுங்கள். கசிவோடு ஓடிய காலத்தில் யாராவது மிக்சரைக் கூட்டி வைத்திருப்பார்கள், கசிவு நின்றதும் அது கரும்புகை தள்ளும்.

சாலைச் சோதனைக்கு, போக்குவரத்து குறைந்த சாய்வான சாலை ஒன்றில் மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டு இறங்குங்கள். திராட்டில் மூடி, இன்ஜின் வேகமாகச் சுழலும் அந்த நேரத்தில்தான் உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும். சைலன்சரில் பட் பட் கேட்கவில்லை என்றால் இரண்டு பக்கமும் கசிவு நின்றுவிட்டது. இதற்காகத் தொப்பூர் இறக்கத்துக்குப் போகாதீர்கள். பின்னால் வரும் லாரிகள் நம் சோதனைக்குப் பொறுத்துக் கொண்டிருக்க மாட்டா. பாலக்கோடு – ராயக்கோட்டை சாலையில் விடியற்காலையில் கிடைக்கும் மிதமான சாய்வே போதும்.

500 கி.மீ. முறுக்கலின்போது பிளக்குகளை மறுபடி வரிசையாக வையுங்கள். 1, 2 ஜோடியும் 3, 4 ஜோடியும் ஒரே நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் வண்டியில் அன்று நாலும் ஒரே பழுப்பில் இருந்தன. அப்பா அவற்றைக் கையில் வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மண்டிக்குப் போலாமா?" என்றார்.